பட்டறைத் திண்ணை: கழற்றும்போதே பாதி மாட்டியாயிற்று

மார்கழி பிறந்துவிட்டது. ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்க ஆரம்பித்தாயிற்று. காலையில் சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர், மத்தியானம் ஜவ்வரிசி மில்லுக்குக் கிழங்கு ஏற்ற டிரெய்லர், மறுநாள் விடிந்தால் கொத்துக் கலப்பை என்று ஒரே டிராக்டருக்கு மூன்று வேடம். அதனால்தானோ என்னவோ, இந்த மாதம் வந்த கடிதங்கள் எல்லாம் டிராக்டரில் கருவியை மாட்டுவது, கழற்றுவது என்ற ஒரே சங்கதியைச் சுற்றுகின்றன. வாழப்பாடியில் என் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று எழுத ஆரம்பித்தேன். இரண்டு டீ ஆறிப்போனது.

என்னிடம் 45 எச்.பி. டிராக்டர், ஆறடி ரோட்டவேட்டர், ஒன்பது கொத்துக் கலப்பை, டிரெய்லர் இருக்கின்றன. மகன் கோவைக்கு வேலைக்குப் போய்விட்டான். தனியாளாக ரோட்டவேட்டர் மாட்ட முக்கால் மணி நேரம் ஆகிறது. கடப்பாரை போட்டு நெம்பி நெம்பி இடுப்பு போனதுதான் மிச்சம். யூடியூபில் ‘குவிக் ஹிட்ச்’ என்று ஒன்றைக் காட்டுகிறார்களே, வாங்கலாமா?
— வாசகர், தம்மம்பட்டி

வாங்கலாம். ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒரு பதில் சொல்லுங்கள். போன தடவை ரோட்டவேட்டரை எங்கே கழற்றிப் போட்டீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், முக்கால் மணி நேரம் ஆகிறது என்று பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பத்தில் எட்டுப் பேர் சொல்லும் பதில், “களத்து ஓரம், வேப்பமரத்தடியில்.” செம்மண் தரை. ஒரு மழை பெய்தால் நானூறு கிலோவுக்கு மேலான ரோட்டவேட்டர் ஒரு பக்கம் இரண்டு அங்குலம் இறங்கி உட்கார்ந்துவிடும். டிராக்டரின் கைகளில் மாட்டும் இரும்பு முளைகளில் (இவற்றைத்தான் ‘பின்’ என்கிறோம்) இடது பின் ஒரு உயரம், வலது பின் ஒரு உயரம், முன்பக்கம் குப்புறச் சாய்ந்திருக்கும். டிராக்டரின் பின்னால் கருவியைத் தூக்கும் இரண்டு கைகளும் ஒரே மட்டத்தில்தான் தொங்கும். பிறகு கடப்பாரை எடுக்காமல் என்ன செய்வீர்கள்? மாட்டும் நாளில் படும் பாடு முழுக்க, கழற்றிய நாளில் நாம் அவசரத்தில் போட்ட கடன்.

அதனால் முதல் செலவு தரைக்கு. ஏழடிக்கு ஐந்தடி சிமென்ட் தளம் போதும். அதுவும் முடியாது என்றால், பழைய வீட்டு வாசற்படிக் கல் இரண்டு கிடைத்தால் போட்டு மட்டம் பாருங்கள். ரோட்டவேட்டருக்கு வாங்கும்போதே முன்பக்கம் நிறுத்துகால் ஒன்று கொடுத்திருப்பார்கள். போய்ப் பாருங்கள், அநேகமாக அதன் பின் தொலைந்து, கால் மேலே மடங்கித் துருப்பிடித்திருக்கும். அதை இறக்கி எண்ணெய் விடுங்கள். கால் இல்லையென்றால் இரண்டு அங்குல இரும்புக் குழாயில் வெல்டிங் பட்டறையில் செய்து தருவார்கள். நடுவில் வரிசையாக நாலு துளை போட்டு, உயரம் மாற்றும்படி கேளுங்கள்.

என்ன உயரம்? வண்டியைத் தளத்தில் நிறுத்தி, உங்களுக்கு வசதியான உயரத்தில் கைகளைத் தொங்கவிட்டு, கையின் நுனியில் பின் நுழையும் துளையுள்ள உருண்டையின் நடுவிலிருந்து தரை வரை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். ரோட்டவேட்டரின் இரண்டு பின்களும் அதே உயரத்தில் நிற்க வேண்டும். கொத்துக் கலப்பைக்கும் அதே கணக்கு. ஒன்பது கொத்தும் ஊன்றித் தானே நிற்கும் என்று நினைப்போம். கொழு தேயத் தேய அது முன்னுக்குச் சாயும். அதற்கும் முன்பக்கம் ஒரு கால் வைத்துவிடுங்கள்.

என் பட்டறையில் இன்னொரு ஏற்பாடு உண்டு. சேனல் இரும்பில் ஒரு சட்டம் அடித்து, நாலு மூலையிலும் கனமான சுழல் சக்கரம் போட்டிருக்கிறேன். ரோட்டவேட்டரை அதன்மேல் இறக்கினால், சிமென்ட் தளத்தில் ஒரே ஆள் தள்ளி நகர்த்தலாம். வண்டியை இம்மி பிசகாமல் பின்னுக்கு எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. வண்டி கிட்டத்தட்ட வந்தால் போதும், மீதித் தூரம் ரோட்டவேட்டர் வரும். இரண்டு சக்கரத்துக்காவது பிரேக் இருக்கட்டும். மண்தரையில் இது உதவாது, செலவு வீண்.

சரி, இப்போது மாட்டுகிற வரிசை. முதலில் இடது கை, அடுத்து வலது கை, கடைசியில் டாப் லிங்க், அதாவது மேலே நடுவில் கருவியைப் பிடிக்கும், நீளம் மாற்றக்கூடிய கம்பி. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் மூன்று முனை இணைப்பு. இது சாஸ்திரம் சம்பிரதாயம் இல்லை. பெரும்பாலான வண்டிகளில் இடது கையைத் தூக்கும் ராடு நீளம் மாறாதது. வலது பக்கத்து ராடில்தான் சுற்றி ஏற்றி இறக்கும் கைப்பிடி இருக்கும். மாறாததை முதலில் மாட்டிவிட்டு, மாறுகிறதைச் சுற்றி மாட்டுகிறோம். கழற்றும்போது இதைத் தலைகீழாக்க வேண்டும்: பி.டி.ஓ. ஷாஃப்ட் (இஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு) முதலில், பிறகு டாப் லிங்க், வலது, இடது. கைகள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் இரண்டு பக்கத்துச் செயினையும் மாட்டுவதற்கு முன்பே தளர்த்தி வையுங்கள். கை இரண்டும் ஆட வேண்டும். மாட்டி முடித்ததும் ரோட்டவேட்டருக்கு ஆட்டம் இல்லாமல் இறுக்க வேண்டும். கொத்துக் கலப்பைக்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

டாப் லிங்க் விஷயத்தில்தான் நேரம் போகிறது. ரோட்டவேட்டருக்கு ஒரு நீளம், கலப்பைக்கு ஒரு நீளம். ஒவ்வொரு தடவையும் வயலில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்ப்போம். ஒருமுறை சரியாக உழுதவுடன் டாப் லிங்க்கின் ஒரு முனைப் பின்னிலிருந்து மறுமுனைப் பின் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அந்தக் கருவியின் சட்டத்திலேயே வெள்ளை பெயின்ட்டில் எழுதிவிடுங்கள். கையில் காசு இருந்தால் இன்னும் ஒன்று செய்யலாம்: கருவிக்கு ஒரு டாப் லிங்க் தனியாக வாங்கி, அதை அந்தக் கருவியிலேயே விட்டுவிடுவது. குவிக் ஹிட்ச்சில் மிச்சமாகும் நேரத்தில் பாதி இதிலேயே மிச்சமாகிவிடும்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். குவிக் ஹிட்ச்சில் நம் ஊருக்குத் தோதானது முக்கோணச் சட்டம். டிராக்டரின் மூன்று முனையிலும் ஒரு முக்கோணத்தை நிரந்தரமாக மாட்டிவிடுவார்கள். அதன் ஜோடி முக்கோணம் ஒவ்வொரு கருவியிலும் இருக்கும். பின்னுக்கு வந்து, கீழிருந்து மேலே தூக்கினால் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்து, மேலே பூட்டு விழும். பி.டி.ஓ. ஷாஃப்ட்டுக்கு மட்டும் இறங்க வேண்டும். பார்க்க அழகுதான். இரண்டு விஷயம் கடைக்காரர் சொல்ல மாட்டார். கருவி நாலைந்து அங்குலம் பின்னுக்குத் தள்ளிப் போகும். அதனால் தூக்கும் பாரம் கூடும்; கனமான கருவி என்றால் வண்டியின் முன்பக்கம் லேசாகும். பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் இரண்டு குழாயும் ஒன்றுக்குள் ஒன்று இருக்கும் நீளமும் அதே அளவு குறையும். இதைச் சரிபார்க்காமல் ஓட்டினால் ஷாஃப்ட் பாதி வழியில் கழன்று அடிக்கும். இன்னொன்று, ஜோடி முக்கோணத்தை ஒரு கருவிக்கு மட்டும் போட்டுவிட்டு மற்றதை விட்டால் உங்கள் கஷ்டம் இரட்டிப்பாகும். போட்டால் எல்லாவற்றுக்கும் போட வேண்டும்.

நடுவழி ஒன்றும் உண்டு. கைகளின் நுனி நீளும் வகை லிங்க். பூட்டைத் தட்டினால் நுனி நாலைந்து அங்குலம் வெளியே வரும். பின்னில் மாட்டிவிட்டு வண்டியை மெதுவாகப் பின்னுக்கு எடுத்தால் ‘டக்’கென்று உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். உங்கள் வண்டிக்கு இது கிடைக்குமா என்று டீலரிடம் கேளுங்கள்.

என் தீர்ப்பு: நீங்கள் வாடகைக்கும் ஓட்டுகிறீர்கள், சீசனில் நாளைக்கு இரண்டு தடவை மாற்றுகிறீர்கள் என்றால் முக்கோணம் வாங்குங்கள். சொந்தக் காட்டுக்கு மட்டும் என்றால் தளம், கால், தனி டாப் லிங்க் மூன்றையும் முதலில் செய்துவிட்டு ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள்.

தெரிந்தவரிடம் பழைய கொத்துக் கலப்பை ஒன்று வாங்கினோம். மாட்டினால் கடகடவென்று ஆடுகிறது. ஓட்டுநர் “போல்ட் போட்டுச் சமாளிக்கலாம் அக்கா” என்கிறார். செய்யலாமா?
— வாசகி, பனமரத்துப்பட்டி

வேண்டாம்மா. ஓட்டுநர் தம்பியிடம் நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள்.

கலப்பையில் கோளாறு ஒன்றும் இல்லை, அளவுதான் பொருந்தவில்லை. இந்த மூன்று முனை இணைப்புக்கு உலகம் முழுக்க அளவு வகை உண்டு. கேட்டகரி 1 என்றால் கீழ்ப் பின் 22 மில்லிமீட்டர், மேல் பின் 19. கேட்டகரி 2 என்றால் கீழே 28, மேலே 25. உங்கள் வண்டியின் உருண்டை 28க்குத் துளை போட்டது, கலப்பையின் பின் 22 என்றால் ஆறு மில்லிமீட்டர் இடைவெளியில் அது ஆடத்தான் ஆடும். ஆடி ஆடி உருண்டையும் தேயும், பின்னும் தேயும்.

அளக்க வெர்னியர் வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் வாங்க மறுக்கிறார்களே, அந்தப் பத்து ரூபாய் நாணயம் வீட்டில் நிச்சயம் கிடக்கும். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். பின்னின் நுனியில் வைத்துப் பாருங்கள். நாணயம் பின்னுக்குள் அடங்கி, விளிம்பு மயிரிழை தெரிந்தால் கேட்டகரி 2. நாணயம் நன்றாக வெளியே துருத்தினால் கேட்டகரி 1. இப்படியாவது அந்தக் காசு செல்லட்டும்.

வித்தியாசம் தெரிந்தால் உதிரிபாகக் கடையில் ‘ரெடியூசர் புஷ்’ என்று கேளுங்கள். 28 துளைக்குள் 22 பின் உட்காரும் இரும்பு வளையம். விலை குறைச்சல்தான். அப்புறம் கலப்பையின் இரண்டு கீழ்ப் பின்களுக்கும் நடுவே உள்ள அகலத்தையும் பாருங்கள். கேட்டகரி 1க்கு அது ஏறக்குறைய 68 சென்டிமீட்டர், 2க்கு 82 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். புஷ் போட்டும் கைகளை இழுத்துப் பிடித்துத்தான் மாட்ட வேண்டியிருந்தால் அகலம்தான் காரணம். பின்னை வெளியே தள்ளிப் பிடிக்கும்படி மாற்றிப் பற்றவைக்க வேண்டும்.

போல்ட் ஏன் கூடாது என்றால், கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட்டில் மரை ஓடும் இடம்தான் பலவீனம். சுமை சரியாக அங்கேதான் விழும். மேட்டூர் ரோட்டில் கலப்பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு பக்கம் விட்டுவிட்டால், பின்னால் பைக்கில் வருகிறவன் கதி என்ன? கட்டுமானக் கம்பியை வெட்டிச் சொருகியவர்களையும் பார்த்திருக்கிறேன். எடுத்து வெளியே வீசியிருக்கிறேன்.

ரோட்டவேட்டரின் பி.டி.ஓ. ஷாஃப்ட் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. சுத்தியால் அடித்தால்தான் போகிறது. ஏதாவது வழி சொல்லுங்கள் அண்ணா.
— வாசகர், ஓமலூர்

சுத்தியை உள்ளே வையுங்கள் தம்பி. டிராக்டர் பக்கத்து முனையில் ஆறு பற்கள் உண்டு, தண்டு 35 மில்லிமீட்டர். அடித்து அடித்து ஒரு பல்லின் விளிம்பு மடங்கியிருக்கும், அதனால்தான் இப்போது சுத்தி கேட்கிறது. மெல்லிய அரத்தால் அந்த மடிப்பைத் தேய்த்து எடுங்கள். ஷாஃப்ட்டின் கழுத்தில் அமுக்கும் பொத்தான் ஒன்று இருக்குமே, அதற்குள் சேறு காய்ந்து இறுகியிருக்கும். டீசலில் ஊறவைத்துக் கழுவி, கிரீஸ் வைத்து, பத்துத் தடவை அமுக்கி விடுங்கள். இஞ்சினை அணைத்து, பி.டி.ஓ.வை நியூட்ரலில் வைத்துக் கையால் தண்டைத் திருப்பிப் பாருங்கள். பல்லும் பள்ளமும் நேர்வந்தால் தானே வழுக்கிக்கொண்டு போகும். ‘க்ளிக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்டபிறகும் ஒருமுறை பின்னுக்கு இழுத்துப் பாருங்கள்.

கழற்றியதும் ஷாஃப்ட்டைத் தரையில் போடாதீர்கள். ரோட்டவேட்டரின் சட்டத்தில் ஒரு கொக்கி பற்றவைத்துச் செயினில் தொங்கவிடுங்கள். முனையில் ஒரு பழைய எண்ணெய் கேனின் அடிப்பாகத்தை வெட்டிக் கவிழ்த்துவிட்டால் மண் ஏறாது. இரண்டு குழாயையும் பிரித்து மறுபடி சேர்க்கும்போது இரு முனையிலும் உள்ள கவை போன்ற கவட்டையும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். மாறிப்போனால் ஓட்டும்போது உதறும்.

பிளாஸ்டிக் உறை உடைந்ததால் கழற்றி எறிந்துவிட்டேன் என்று கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9. ஷாஃப்ட்டின் கவட்டை பத்து சென்டிமீட்டர் அகலம் என்று வையுங்கள், ஒரு சுற்றுக்கு ஓரடி துணியை இழுக்கும். நாலு முழ வேட்டி முழுக்கச் சுற்றிக்கொள்ள ஒரு விநாடி ஆகாது. உங்கள் கை கிளட்ச்சுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். புது உறை வாங்கிப் போட்டுவிட்டுத்தான் அடுத்த ஏக்கர்.

ஏற்காட்டில் எங்களுக்குக் காபித் தோட்டம் இருக்கிறது. ஒரு மினி டிராக்டர் வாங்கியிருக்கிறோம். மருந்து அடிக்கும் கருவியை மாற்றி மாட்டும்போது வண்டி நகர்ந்துவிடுகிறது.
— வாசகர், ஏற்காடு

20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து உங்கள் பக்கத்துத் தோட்டங்களைப் பார்த்திருக்கிறேன். சில்வர் ஓக் மரத்துக்கு நடுவில் நேராக நிற்கவே ஆளுக்குச் சிரமம், அங்கே வண்டியா? சாய்வில் மாட்டவே மாட்டாதீர்கள். ஷெட் வாசலில் மட்டமான இடம் ஒன்றை ஒதுக்கி, எது மாட்டுவதென்றாலும் அங்கேதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கியரில் விட்டு, கைப்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குப் பள்ளத்துப் பக்கம் கட்டை. செங்குத்தான பாத்திகளுக்கு வண்டியே வேண்டாம். கையால் பிடித்து ஓட்டும் களையெடுப்பு இயந்திரமான பவர் வீடரும் முதுகில் மாட்டும் தெளிப்பானும்தான் சரி.

இந்த மூன்று முனை இணைப்பை யார் கண்டுபிடித்தார்கள்? வகுப்பில் சொன்னார்கள், மறந்துவிட்டது.
— மாணவர், சேலம்

ஹாரி ஃபெர்குசன். அயர்லாந்தின் வடபகுதியில் 1884இல் பிறந்தவர். அயர்லாந்தில் முதன்முதலில் விமானம் ஓட்டியவரும் இவரே. 1909 டிசம்பர் 31இல். அந்தக் காலத்துக் கலப்பை டிராக்டரின் பின்னால் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு வரும். கொழு பாறையில் சிக்கினால் வண்டியின் முன்பக்கம் எழும்பி, ஓட்டுநர்மேலேயே மல்லாந்து விழும். ஃபெர்குசன் கலப்பையையும் வண்டியையும் ஒரே உடம்பாக்கினார். கீழே இரண்டு கை இழுக்கும், மேலே டாப் லிங்க் தள்ளும். கொழு சிக்கினால் அந்த டாப் லிங்க் வண்டியின் முன்பக்கத்தைத் தரையோடு அமுக்கும். நாம் சுற்றிச் சுற்றிச் சலித்துக்கொள்ளும் அந்த ஒற்றைக் கம்பிதான் உயிர் காக்கிறது. 1926இல் காப்புரிமை. 1938இல் ஹென்றி ஃபோர்டுடன் பத்திரம் எதுவும் இல்லாமல் வெறும் கைகுலுக்கலில் ஒப்பந்தம், 1939இல் வண்டி வந்தது. ஃபோர்டின் பேரன் காலத்தில் வழக்காகி, 1952இல் 92.5 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு சமாதானமானார். நாம் ‘மாஸி’ என்று கூப்பிடும் வண்டியின் முழுப்பெயரில் பிற்பாதி இவருடையதுதான்.

மாட்டும்போது ஓர் ஆள் பின்னால் நின்று டிராக்டரின் கையைப் பிடித்துக் காட்டினால் சுலபமாக இருக்காதா? நீங்கள் ஏன் தனியாள் வேலை என்றே எழுதுகிறீர்கள்?
— வாசகர், வீரகனூர்

என் இடது மோதிர விரலுக்கு நகம் கிடையாது. பத்தொன்பது வயதில், வேறொரு பட்டறையில் எடுபிடியாக இருந்தபோது, சட்டிக் கலப்பை மாட்ட நான் பின்னால் நின்று கையைப் பிடித்துக் காட்டினேன். “வரலாம், வரலாம்” என்று கத்திக்கொண்டே இருந்தேன். ஓட்டுநருக்கு நான் “ஏற்றலாம்” என்று சொன்னதாகக் காதில் விழுந்திருக்கிறது. லீவரைத் தொட்டார். உருண்டைக்கும் பின்னுக்கும் நடுவில் என் விரல்.

ஆள் இருக்கட்டும், பக்கவாட்டில், டயருக்கு வெளியே, ஓட்டுநரின் கண்ணில் படும்படி நிற்கட்டும். வண்டி நின்று, பிரேக் போட்டு, ஓட்டுநர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிய பிறகு உள்ளே வரட்டும். வாய்ச்சொல் வேண்டாம், இஞ்சின் சத்தத்தில் எல்லாச் சொல்லும் ஒரே சொல்தான்.

பின் கழன்றுவிடாமல் அதன் துளையில் செருகும் லாக் பின் வாங்கி மாளவில்லை. மாதத்துக்கு நாலு தொலைகிறது.
— வாசகர், தாரமங்கலம்

எங்கள் பட்டறையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய வைத்திருக்கிறேன். அதையும் ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஒரு சாண் சைக்கிள் செயினோ மெல்லிய சங்கிலியோ எடுத்து, ஒரு நுனியை லாக் பின்னின் வளையத்திலும் மறு நுனியைக் கருவியின் சட்டத்திலும் கோத்துவிடுங்கள். டிராக்டரிலேயே தங்கும் பின்களுக்கு ஃபெண்டரின் உள்பக்கம் ஒரு ஆணி பற்றவையுங்கள். சட்டைப் பையில் மட்டும் போடாதீர்கள். வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தைப் பழுது பார்க்க என்னிடம் வராதீர்கள், அது எனக்குத் தெரியாது.